பசுமைக்குடிலில் அழகுச்செடி: ஹீட்டர் செலவைக் குறைக்க முதலில் எதில் கை வைப்பது?

புதுமொட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். 100 சதுர மீட்டரில் ஒரு பாலித்தீன் குடில் வைத்திருக்கிறேன், ஒற்றை ஷீட். குளிர்காலத்தில் பான்சி, பெட்டூனியா, சைக்ளமென் தொட்டிகள், குளிர் முடியும் தறுவாயில் நித்தியகல்யாணியும் கோழிக்கொண்டையும் விதைத்து வளர்ப்பேன், ஒரு மூலையில் ஆசைக்குக் கொஞ்சம் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட். இரவில் வெளியே 0 டிகிரியை ஒட்டிப் போகும். தெர்மோஸ்டாட்டை இரவும் பகலும் 18-ல் வைத்துவிட்டு ஹீட்டரை ஓடவிடுவதுதான் இதுவரை நடக்கிறது. எரிபொருள் செலவு பூ விற்ற காசைத் தின்கிறது, அது போக இவ்வளவு எரித்துத்தான் ஒரு பான்சித் தொட்டி பூக்க வேண்டுமா என்றும் உறுத்துகிறது. ஒருவர் ஹீட் பம்ப் என்கிறார், ஒருவர் சோலார் பேனல் என்கிறார், இன்னொருவர் கறுப்புப் பீப்பாயில் தண்ணீர் நிரப்பி வைத்தால் போதும் என்கிறார். எல்லாவற்றையும் செய்ய வசதி இல்லை. முதலில் எதில் கை வைப்பது?

வெந்நீர்க்குழாய் எழுதியது:

தம்பி, ஹீட் பம்ப்பையும் பேனலையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒழுகுகிற குடிலுக்கு எந்த வழியில் சூடு கொடுத்தாலும் அது வெளியேதான் போகும். காற்று வீசுகிற ஓர் இரவில் கையில் ஊதுபத்தியோடு உள்ளே சுற்றி வாருங்கள். கதவு இடுக்கு, பக்கச் சுருள் திரை தரையைத் தொடும் இடம், எக்ஸாஸ்ட் ஃபேனின் ஷட்டர், ஷீட்டைக் கம்பியில் பிடித்திருக்கும் கிளிப் வரிசை, இந்த நாலு இடத்திலும் புகை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். ஷட்டர் தகடு ஒன்று வளைந்து விரல் நுழைகிற அளவுக்கு வாய் பிளந்திருக்கும், வருஷக்கணக்காக யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். குளிர்காலம் முழுக்க ஓடாத ஃபேனை உள்பக்கம் ஷீட் போட்டு மூடிவிடலாம். ஆனால் எரிபொருள் ஹீட்டருக்கு வேண்டிய காற்றுவழியையும் புகைபோக்கியையும் தொடாதீர்கள். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு ஆளுக்கு ஆபத்து, கூடவே வரும் எத்திலீன் என்ற வாயு பெட்டூனியா பூவை உதிர்க்கும், ஆர்க்கிட் மொட்டைக் காயவைக்கும்.

அடுத்தது இரண்டாவது ஷீட். இரண்டு ஷீட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன புளோயர் காற்றை ஊதிப் பிரித்து வைக்கும், அதற்கு ஆகிற மின்சாரம் ஒரு பல்பு அளவுதான். வெப்ப இழப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் மேலேயே குறையும். பதிலுக்குக் கொஞ்சம் ஒளி போகும், அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்றாவது, இரவில் மட்டும் செடிக்கு மேலே இழுத்து மூடுகிற வெப்பத் திரை. சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள், மாற்றாதீர்கள்.

கணக்குப்புலி எழுதியது:

பீப்பாய் யோசனைக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் 4.18 கிலோஜூல் சூடு விடும். 1000 லிட்டர் வைக்கிறீர்கள், இரவில் அது 10 டிகிரி இறங்குகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 41.8 மெகாஜூல், மின் கணக்கில் 11.6 யூனிட். இனி இழப்பைப் பாருங்கள். 100 சதுர மீட்டர் தரைக்குக் கூரை, பக்கம், முகப்பு எல்லாம் சேர்ந்து 180 சதுர மீட்டர் ஷீட் இருக்கும். ஒற்றை ஷீட்டில் ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, சுமார் 6 வாட் வெளியேறும். உள்ளே 15, வெளியே 0 என்றால் 180 × 6 × 15 = 16,200 வாட். அந்த 1000 லிட்டர் முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது. இரட்டை ஷீட்டும் திரையும் போட்டு அந்த 6-ஐ 2.5-க்குக் கொண்டுவந்தால் அதே தண்ணீர் ஒன்றே முக்கால் மணி நேரம் வரும். இரவோ 12 மணி நேரத்துக்கும் மேல்.

பீப்பாயே வேண்டாம் என்று சொல்லவில்லை. வெந்நீர்க்குழாய் அண்ணன் சொன்ன மூன்றையும் முடித்துவிட்டு, விடியலுக்கு முந்தின அந்தக் கடைசிக் குளிரைத் தாங்க ஒரு கைகொடுக்கும், அவ்வளவுதான்.

மண்சுவர் எழுதியது:

சீனாவில் ஹீட்டரே இல்லாமல் கடுங்குளிரில் லட்சக்கணக்கான ஏக்கரில் பயிர் செய்கிறார்களே, அது என்ன கணக்கு? அதுவும் சூடு சேமிப்புதானே?

கணக்குப்புலி எழுதியது:

சேமிப்பும்தான், ஆனால் பாதிக் கதையைச் சொல்கிறீர்கள். அந்தக் குடிலுக்கு வடக்கே கனத்த மண்சுவர் அல்லது செங்கல் சுவர், தெற்கே மட்டும் சாய்ந்த ஷீட். ஒளி வராத பக்கத்தில் ஷீட்டே கிடையாது, இழக்கிற பரப்பே பாதி. அப்புறம் சூரியன் சாய்ந்ததும் ஷீட்டுக்கு மேலே வைக்கோல் பாய் அல்லது கனத்த மெத்தை போன்ற போர்வையைச் சுருள் அவிழ்த்து இறக்குவார்கள். காலையில் மறுபடி சுருட்டி மேலே ஏற்றுவார்கள். சுவர் பகலில் வாங்கிய சூட்டை இரவில் விட, அதை வெளியே விடாமல் பிடிப்பது அந்தப் போர்வை. போர்வை இல்லாத சுவரை வைத்து ஒன்றும் ஆகாது. புதிதாகக் கட்டுகிறவர் இந்த வடிவத்தைக் கட்டாயம் யோசிக்கலாம். இருக்கிற குடிலில் வடக்குப் பக்க ஷீட்டுக்கு உள்ளே காப்புப் பலகை அடிப்பது இதன் குட்டி வடிவம், ஒளி இழப்பு மிகக் குறைவு.

வெந்நீர்க்குழாய் எழுதியது:

இனி அந்த 18. இரவும் பகலும் ஒரே அளவு என்பதில்தான் பணம் கரைகிறது. செடியின் வளர்ச்சி வேகம் பெரும்பாலும் 24 மணி நேர சராசரி வெப்பத்தைப் பொறுத்தது. பகலில் வெயில் இலவசமாக 23, 24 வரை ஏற்றித் தருகிறது என்றால் ஜன்னலைத் திறந்து அதை வீணாக்காமல் ஏறவிடுங்கள், இரவில் 12, 13 வரை இறங்கவிடுங்கள். சராசரி கிட்டத்தட்ட அங்கேயே நிற்கும், ஹீட்டர் ஓடுகிற நேரம் மட்டும் குறையும். மேகம் மூடிய இரண்டு நாள் குளிர்ந்து கிடந்தாலும் அடுத்து வருகிற வெயில் நாளில் ஈடு கட்டிக்கொள்ளும். நெதர்லாந்தில் பெரிய குடில்களின் கம்ப்யூட்டர்களே இப்படி ஒரு வாரச் சராசரியைப் பார்த்து ஓடுமாறு அமைக்கப்பட்டிருக்கின்றன. கையால் ஓட்டுகிறவர் வானிலை அறிவிப்பைப் பார்த்து அதையே செய்யலாம்.

புதுமொட்டு எழுதியது:

பகல் சூடு, இரவு குளிர் என்று விட்டால் பெட்டூனியா நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்துவிடாதா அண்ணா? தொட்டியில் குட்டையாக, அடர்த்தியாக இருந்தால்தானே வாங்குவார்கள்?

வெந்நீர்க்குழாய் எழுதியது:

கேட்க வேண்டிய கேள்வி. 1980களில் மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜான் எர்வின், ராயல் ஹைன்ஸ் குழுவினர் ஈஸ்டர் லில்லியை வைத்து இதைத்தான் அலசினார்கள். பகல் வெப்பத்திலிருந்து இரவு வெப்பத்தைக் கழித்தால் வரும் வித்தியாசம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவுக்குக் கணுவிடை, அதாவது தண்டில் ஒரு கணுவுக்கும் அடுத்த கணுவுக்கும் நடுவிலுள்ள பகுதி, நீள்கிறது. ஆக, மிச்சம் பிடிக்கிற முறையே செடியை நீட்டவும் செய்கிறது, இந்த இழுபறி உண்மைதான்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. தண்டு அதிகமாக நீள்வது விடியலை ஒட்டிய சில மணி நேரத்தில். விடிவதற்குச் சற்று முன்னால் தொடங்கி இரண்டு மூன்று மணி நேரம், இரவு இருந்ததைவிட இன்னும் 3 முதல் 5 டிகிரி கீழே விடுங்கள். அந்த நேரத்தில் ஹீட்டரை எழுப்பாமல் இருப்பதே பாதி வேலை. பகல் முழுக்கக் குளிர்வித்தது போலவே செடி குட்டையாக நிற்கும். வளர்ச்சி கட்டுப்படுத்தும் மருந்துத் தெளிப்பும் குறையும். துலிப், நார்சிசஸ் போன்ற கிழங்குச் செடிகள் இதற்கு அவ்வளவாக மசியாது. நாற்றுத் தட்டுகளின் மேலே ஒரு குழாயையோ துணியையோ தினமும் சில தடவை மெல்ல உரசிக்கொண்டு போவதும் வேலை செய்யும், தொட்டால் குட்டையாவது பல செடிகளின் சுபாவம். ஆனால் பூ வந்த பிறகு உரசாதீர்கள்.

பூசணவேட்டை எழுதியது:

எல்லாம் சரி, ஓட்டையை அடைத்து, இரண்டு ஷீட் போட்டு, திரையை மூடி, இரவைக் குளிரவிட்டு... இதில் ஈரம் எங்கே போகும் என்று யாரும் வாய் திறக்கவில்லையே. புதுமொட்டு சைக்ளமென் வேறு வைத்திருக்கிறார். ஒரு தொட்டியை எடுத்து இலைகளைக் கையால் ஒதுக்கி நடுவே பாருங்கள். கிழங்கின் தலையில், பூக்காம்புகள் கிளம்புகிற இடத்தில், சாம்பல் நிறப் பஞ்சு ஒட்டியிருக்கும். காம்பு அடியில் தண்ணீராகி, மெல்ல இழுத்தால் கையோடு வரும். இதழில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள். அதுதான் போட்ரைடிஸ் என்ற சாம்பல் பூசணம், அதற்கு வேண்டியது சில மணி நேரம் இலையில் தங்குகிற நீர்ப்படலம். எரிபொருளை மிச்சம் பிடித்துப் பாதித் தொட்டியைக் குப்பையில் கொட்டினால் அந்தத் தொட்டிகளுக்காக எரித்த அத்தனையும் வீண்தானே?

வெந்நீர்க்குழாய் எழுதியது:

ஈரத்துக்குப் பயந்து இரவு முழுக்கச் சூடேற்றும் குழாயைச் சூடாகவும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்தும் வைக்கிறார்களே, அந்தப் பழக்கம் அதைவிட வீண்.

பூசணவேட்டை எழுதியது:

அதை நானும் ஆதரிக்கவில்லை அண்ணா. எப்போது ஈரத்தை வெளியேற்றுவது என்பதுதான் விஷயம்.

முதலில் திரை பற்றி ஒரு தவறான பயம் இருக்கிறது. திரையை மூடினால் பூசணம் வரும் என்று பலர் திறந்தே விடுகிறார்கள். தெளிந்த வானத்து இரவில் மேல் இலைகள் தங்கள் சூட்டைக் கதிராக வானத்தை நோக்கி இழக்கும், சாதாரண பாலித்தீன் அந்தக் கதிரைப் பெரிதாகத் தடுக்காது. அதனால் இலை சுற்றியுள்ள காற்றைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்துவிடும், காற்றிலுள்ள ஈரம் நேராக அந்த இலையில்தான் படியும். திரை மூடியிருந்தால் இந்தக் கதிரிழப்பு தடைபடும், இலை சூடாகவே இருக்கும். ஈரப்பதமானி கொஞ்சம் கூடுதலாகக் காட்டினாலும் இலை நனையாது. நெதர்லாந்தில் குறைந்த ஆற்றல் சாகுபடி முறையை வளர்த்தவர்கள் இந்த இடத்தைத்தான் திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டார்கள். திரையை அதிக நேரம் மூடு, இரண்டு திரை போட்டாலும் போடு, ஈரம் மிஞ்சினால் வெளியேயுள்ள வறண்ட குளிர்காற்றை அளவாக ஒரு ஃபேன் மூலம் உள்ளே கலந்துவிடு, குழாயைச் சும்மா சூடாக்கி வைக்காதே, இதுதான் அவர்கள் வழி.

சின்னக் குடிலுக்கு இதையே எளிமையாகச் செய்யலாம். தண்ணீர் காலையில் மட்டும், முடிந்தால் அடியிலிருந்து, அதாவது மேசையில் தண்ணீரை நிறுத்தி வடிக்கிற முறையோ நீர் உறிஞ்சும் பாயோ. மேலிருந்து பூவாளியில் ஊற்றினால் சைக்ளமென் தலை நனையும். சாயங்காலம் மூடுவதற்கு முன்னால், உள்ளே இன்னும் சூடாக இருக்கும்போதே, சில நிமிடம் ஜன்னலைத் திறந்து அந்தக் கனத்த காற்றை மாற்றிவிடுங்கள். இரவு முழுக்க ஒரு சின்ன ஃபேன் காற்றைக் கிடைவாட்டில் மெல்ல நகர்த்திக்கொண்டிருக்கட்டும், இலை லேசாக அசைந்தால் போதும். காலையில் திரையை ஒரே இழுப்பில் திறக்காதீர்கள், மேலே தேங்கிய குளிர்காற்று மொத்தமாகப் பூவின் மேல் விழும். முதலில் கையளவு இடைவெளி, பிறகு மெதுவாக முழுதும்.

தொட்டி இடைவெளியும் பாருங்கள். இலை மேல் இலை ஏறிக் கிடந்தால் எந்த ஃபேனும் உதவாது. ஆனால் இடைவெளி விட்டால் ஒரு சதுர மீட்டருக்குத் தொட்டி குறையும், தொட்டிக்கு ஆகிற சூட்டுச் செலவு கூடும், அதையும் யாராவது கணக்குப் போடுவார்கள் என்று தெரியும்.

கணக்குப்புலி எழுதியது:

போடாமல் விடுவேனா, ஆனால் அதைவிட முக்கியமான கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லோரும் ஒரு நாளைக்கு எவ்வளவு எரிகிறது என்று பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு பயிர் பூத்து முடிய எவ்வளவு எரிகிறது என்பதை. குளிரவைத்தால் பயிர் மெதுவாகும், நாள் கூடும்.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் அடிவெப்பம் உண்டு, அதற்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடும். பான்சி, ஸ்நாப்டிராகன், பெட்டூனியா வகைகளுக்கு அது 4 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோ. நித்தியகல்யாணி, கோழிக்கொண்டை போன்றவற்றுக்கு 8-க்கு மேலே, 10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டுமே பூக்க அடிவெப்பத்துக்கு மேலே 600 டிகிரி-நாள் (தினமும் அடிவெப்பத்துக்கு மேலே எத்தனை டிகிரியோ, அவற்றின் கூட்டல்) வேண்டும் என்று ஒரு உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம், இது கணக்குக்காக நான் வைத்த எண்தான். வெளிச் சராசரி 6 டிகிரி.

நித்தியகல்யாணியை 16-ல் வளர்த்தால் ஒரு நாளைக்கு 6 டிகிரி சேரும், 100 நாள். வெளியோடு வித்தியாசம் 10, நாளையும் வித்தியாசத்தையும் பெருக்கினால் 1000 பங்கு சூடு. 20-ல் வளர்த்தால் 60 நாள், வித்தியாசம் 14, மொத்தம் 840. 22-ல் 50 நாள், 16, மொத்தம் 800. சூடாக வளர்த்தவருக்குத்தான் செலவு குறைவு!

அடிவெப்பம் 4 என்று வைத்து அதே கணக்கைப் பெட்டூனியாவுக்குப் போடுங்கள். 20-ல் 37.5 நாள், 14, மொத்தம் 525. 16-ல் 50 நாள், 10, மொத்தம் 500. 12-ல் 75 நாள், 6, மொத்தம் 450. இங்கே குளிராக வளர்த்தவர் ஜெயிக்கிறார்.

சுருக்கமாக, வெளிச் சராசரி செடியின் அடிவெப்பத்தைவிடக் கீழே இருந்தால் சூடாக வளர்த்துச் சீக்கிரம் முடிப்பதே மேல், மேலே இருந்தால் குளிரவிட்டு மெல்ல வளர்ப்பது மேல்.

வெந்நீர்க்குழாய் எழுதியது:

அப்படியானால் வெளியே சராசரி 0 இருக்கிற மாதத்தில் பெட்டூனியாவையும் சூடாக வளர்க்க வேண்டும் என்கிறீர்களா? என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. கணக்கில் வெயிலைக் காணோம். பகலில் வித்தியாசத்தின் பெரும்பங்கை வெயில் கொடுக்கிறது, ஹீட்டர் அல்ல. மங்கலான குளிர்கால ஒளியில் 20 டிகிரி கொடுத்தால் செடி சீக்கிரம் பூக்கும், உண்மை, ஆனால் கிளையில்லாமல், பூ சிறுத்து, தண்டு நூலாக வரும். 14-ல் வளர்ந்த பெட்டூனியாவையும் 20-ல் அவசரமாகப் பூத்ததையும் பக்கத்தில் வைத்தால் எதை வாங்குவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கணக்குப்புலி எழுதியது:

எண் அப்படித்தான் சொல்கிறது: வெளியே 0 என்றால் பெட்டூனியா 12-ல் 900, 20-ல் 750. ஆனால் தரம் பற்றி நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை, 25-ஐத் தாண்டினால் வேகமும் பெரிதாகக் கூடாது. அதனால் நான் வேறு இடத்துக்கு வருகிறேன். அந்த மாதத்தில் எதற்குப் பெட்டூனியா? விதைப்பைத் தள்ளி வையுங்கள். நித்தியகல்யாணியை 16-ல் 100 நாளுக்கு முன்பே தொடங்குவதற்குப் பதிலாக 20-ல் 60 நாளுக்கு முன் தொடங்கினால், மிகக் குளிரான அந்த முதல் 40 நாளும் குடில் மூடியோ, பான்சி மட்டும் 5, 6 டிகிரியில் தூங்கியோ கிடக்கும். மேலே காட்டிய 840-கூட அப்போது வராது, ஏனென்றால் மீதி 60 நாளும் வெளியே இதமான நாட்கள். தேதியை நகர்த்த ஒரு சல்லிக்காசு செலவில்லை.

உங்கள் இடத்து வானிலையை வைத்து இதைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வுப் பிரிவு உருவாக்கிய விர்ச்சுவல் குரோயர் என்ற மென்பொருள் இருக்கிறது. குடிலின் அளவு, ஷீட், திரை எல்லாம் கொடுத்தால் எரிபொருளைக் கணக்கிட்டுக் காட்டும்.

சாமந்திக்கொல்லை எழுதியது:

விளக்கு பற்றியும் இரண்டு வார்த்தை. வளர்ச்சிக்கான விளக்கும் பூ நேரத்தைக் கட்டுப்படுத்தும் விளக்கும் வேறு வேறு, இதைக் குழப்பிக்கொண்டு அநாவசியமாகப் பெரிய எல்இடி வாங்குகிறார்கள். சாமந்தி குறும்பகல் செடி, நீண்ட இரவு கிடைத்தால் மொட்டு வைக்கும். மொட்டு வைக்காமல் இலையாக வளர வேண்டிய நாட்களில் இரவின் நடுவில், 10 மணி முதல் 2 மணி வரை, மங்கலான வெளிச்சம் போதும், புத்தகம் படிக்கிற அளவு வெளிச்சம்கூட வேண்டாம். அந்த நாலு மணி நேரமும் தொடர்ந்து எரியவும் வேண்டாம். அரை மணிக்கு 6 நிமிடம் எரிந்து அணைந்தாலும் செடி இரவு முறிந்ததாகவே எடுத்துக்கொள்ளும். மின்சாரம் ஐந்தில் ஒன்றாகிவிடும். இது பழைய குண்டு பல்பு காலத்து உத்தி, சோடியம் விளக்கை இப்படி அணைத்து அணைத்து எரிக்க முடியாது, எல்இடியில் தாராளமாகச் செய்யலாம். சிவப்பு ஒளி இரவை முறிப்பதும், சிவப்பையும் தாண்டிய, கண்ணுக்கு அரிதாகவே தெரிகிற தூரச்சிவப்பு ஒளி அதை ரத்து செய்வதும் 1952-லேயே அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வுக்கூடத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழு காட்டியது. அதனால் சாமந்திக்குச் சிவப்பு உள்ள பல்பு எதுவும் சரி.

வளர்ச்சிக்காகவே விளக்குப் போடுகிறவர்களுக்கு எல்இடி லாபம்தான். பழைய 400 வாட் சோடியம் விளக்கு ஒரு ஜூலுக்கு 1 மைக்ரோமோல் ஒளித்துகள் கொடுத்தது, புதிய 1000 வாட் சோடியம் 1.7 வரை, நல்ல எல்இடி 3-க்கு மேல். ஆனால் சோடியம் விளக்கு இலையைச் சூடாகவும் வைத்தது. மாற்றிய பிறகு பயிர் ஒரு வாரம் தாமதமானால் எல்இடியைத் திட்டாதீர்கள், இலை குளிர்ந்திருக்கிறது, மேலே திரை இருந்தால் அதில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

நிழல்வலை எழுதியது:

குளிர்நாட்டுக் கதையாகவே போகிறது. எங்களைப் போல வெப்பப் பகுதியில் ஜெர்பெரா, ஆந்தூரியம், சாமந்தி போடுகிறவர்களுக்கு ஹீட்டரே கிடையாது, கரண்ட் முழுக்க எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும், உள்ளே வரும் காற்றை நனைத்துக் குளிர்விக்கிற கூலிங் பேடுக்கும் போகிறது. எங்களுக்கு என்ன வழி? ஊர் கொஞ்சம் ஈரக்காற்று உள்ள இடம்.

கணக்குப்புலி எழுதியது:

ஈரக்காற்று என்றால் பேடே பாதி வீண். வெளியே 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் வெப்பம், அதாவது நீர் ஆவியாவதால் காற்று குளிரக்கூடிய கடைசி எல்லை, 24-ஐ ஒட்டி. பேட் 80 சதவீதத் திறனில் ஓடினால் உள்ளே வருகிற காற்று 27. இதுவே வெளியே 34, ஈரப்பதம் 70 என்றால் ஈரக்குமிழ் 29, பேடைத் தாண்டி வருவது 30. வெறும் 4 டிகிரிக்காக அத்தனை ஃபேன். அந்த 4-ஐ நிழலாலும் கூரைக் காற்றுவழியாலும் வாங்கிவிடலாம்.

மண்சுவர் எழுதியது:

நானும் வெப்பப் பகுதிதான், நிழல்வலைக்குச் சொல்கிறேன். உயரம்தான் கரண்ட் இல்லாத ஃபேன். பக்கவாட்டிலிருந்து நுழைகிற காற்றுக்கும் கூரை உச்சியில் வெளியேறுகிற வாய்க்கும் உயர வித்தியாசம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுக்குச் சூடான காற்று தானே மேலே இழுத்துக்கொண்டு போகும். ரம்பப் பல் வடிவக் கூரை இதற்காகவே. உச்சி வாய் வழக்கமாக வீசும் காற்றுக்கு முதுகு காட்ட வேண்டும், எதிர்த்து நின்றால் வெளியேற வேண்டிய சூடு உள்ளேயே சுழலும். பூச்சி வலை போட்டிருந்தால் அது காற்றை நன்றாகவே அடைக்கும், கண் சிறுக்கச் சிறுக்க மோசம். அதற்கு வலையைக் குறைக்காமல் வலையின் பரப்பைக் கூட்டுங்கள், ஜன்னலுக்கு வெளியே பெட்டி மாதிரி சட்டம் அடித்து அதன் எல்லாப் பக்கத்திலும் வலை கட்டினால் அதே ஜன்னலுக்கு இரண்டு மூன்று மடங்கு வலை கிடைக்கும்.

நிழலை ஷீட்டுக்கு வெளியே கட்டுங்கள். உள்ளே கட்டின கறுப்பு வலை வெயிலை உறிஞ்சி உள்ளேயே சூட்டை விடுகிறது. ஆந்தூரியத்துக்கு எப்படியும் முக்கால் பங்கு நிழல் வேண்டும், அதற்குப் பேட் போடுவது எனக்குப் புரிந்ததே இல்லை. ஜெர்பெராவுக்கு வெளிச்சம் வேண்டும், அங்கே நண்பகலில் மட்டும் இழுத்துவிடுகிற நிழல்.

ஃபேன் தவிர்க்க முடியாது என்றால் வேகம் மாற்றுகிற மோட்டார் போடுங்கள். வேகத்தைப் பாதியாக்கினால் காற்று பாதியாகும், கரண்ட் கோட்பாட்டளவில் எட்டில் ஒன்றாகும். ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டினால் அதே காற்று, கரண்ட் கால் பங்கு.

சாமந்திக்கொல்லை எழுதியது:

நிழல்வலை, சாமந்திக்குக் கறுப்புத் துணி மூடுகிறீர்கள் என்றால் ஒன்று. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மூடினால் உள்ளே கொதிக்கும், இரவு வெப்பம் அதிகமானால் சாமந்தி மொட்டு தாமதமாகும், பிறகு பயிர் இன்னும் பல நாள் தண்ணீரும் ஃபேனும் கேட்கும். இருட்டியதும் துணியைத் திறந்துவிட்டு விடியலுக்கு முன் மறுபடி மூடுங்கள். செடிக்கு இருட்டு இருட்டுதான், துணியால் வந்ததா இரவால் வந்ததா என்று பார்க்காது. தெருவிளக்கு மட்டும் விழக்கூடாது.

ஆர்க்கிட்பித்தன் எழுதியது:

புதுமொட்டின் மூலை ஆர்க்கிட்டுக்காக 100 சதுர மீட்டரையும் சூடாக்குவது அநியாயம். ஃபெலனாப்சிஸ் இலை வளர 28 வரை கேட்கும், பூங்கொத்து கிளம்ப 26-க்குக் கீழே சில வாரம் வேண்டும், 12 டிகிரி இரவு அதற்கு ஆகவே ஆகாது. வீட்டு ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்.

தொலைவுப்பூ எழுதியது:

கொஞ்சம் விலகிக் கேட்கிறேன். இவ்வளவு பாடுபட்டுக் குளிர்நாட்டில் பூ வளர்ப்பதே சுற்றுச்சூழலுக்கு நல்லதா? பிரிட்டனின் கிரான்ஃபீல்டு பல்கலைக்கழகம் 2007-ல் போட்ட கணக்கில் 12,000 ரோஜாத் தண்டுக்குக் கென்யாவில் சுமார் 6,000 கிலோ கார்பன் டைஆக்சைடு, விமானத்தில் கொண்டுவருவதையும் சேர்த்து. நெதர்லாந்துக் குடிலில் வளர்த்ததற்கு 35,000 கிலோ.

வெந்நீர்க்குழாய் எழுதியது:

அந்தக் கணக்கு விளக்கும் சூடும் போட்டு ஆண்டு முழுக்க வெட்டுகிற ரோஜாவுக்கு. 5 டிகிரியில் கிடக்கிற பான்சித் தொட்டிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது, தவிர மண்ணோடு இருக்கிற தொட்டியை யாரும் விமானத்தில் அனுப்புவதில்லை. ஆனால் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. கென்யாவில் நைவாஷா ஏரிக்கரையில் ஓசேரியன் பண்ணை பூமிக்கடியிலிருந்து வருகிற ஆவியின் சூட்டை ரோஜாக் குடில்களுக்குக் கொடுத்தது. வெப்பநாட்டில் சூடு எதற்கு என்றால், இரவு ஈரத்தை விரட்ட, பூசணமருந்தைக் குறைக்க. பூசணவேட்டை சொன்ன அதே பிரச்சினை. எரிக்காமல் கிடைக்கிற சூடு பக்கத்தில் இருந்தால் தாராளமாக எடுங்கள், ஒரு தொழிற்சாலையின் கழிவு வெந்நீராக இருந்தாலும் சரி.

பூசணவேட்டை எழுதியது:

சூட்டை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் வளர்ப்பு ஊடகம் விட்டுப்போகும். தொட்டிக் கலவையில் போடுகிற பீட் என்பது சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான ஆண்டு சேர்ந்த கார்பன், தோண்டினால் அது காற்றுக்குத்தான் போகிறது. தேங்காய் நார்த்தூள், மரநார், மரப்பட்டை கலந்து பாருங்கள். நார்த்தூளில் உப்பு இருக்கும், நன்றாகக் கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்ததா என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் பெட்டூனியா இளம் இலை ஓரம் கருகும். மரநாரில் நுண்ணுயிர்கள் நைட்ரஜனைப் பிடித்துவைத்துக்கொள்ளும், ஆரம்பத்தில் உரம் கொஞ்சம் கூட்ட வேண்டும்.

புதுமொட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஊதுபத்தி வேலையை நேற்றே செய்தேன், ஷட்டர் பக்கம் புகை படுத்துக்கொண்டு ஓடியது! ஆர்க்கிட் வீட்டுக்கு வந்துவிட்டது. இந்தப் பருவத்துக்கு இரண்டாவது ஷீட், திரை, வடக்குப் பக்கக் காப்பு. நித்தியகல்யாணியைத் தள்ளித் தொடங்குகிறேன். ஒரே ஒரு சிக்கல்: அதற்கு 20 வேண்டும், அதே நேரத்தில் பான்சியும் சைக்ளமெனும் இன்னும் குடிலில் இருக்குமே. ஒரே குடிலில் இரண்டையும் எப்படி வைப்பது?

வெந்நீர்க்குழாய் எழுதியது:

குறுக்கே ஷீட் கட்டி இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஹீட்டர் இருக்கிற பக்கம் சூடான அறை, மற்றது குளிர் அறை. நித்தியகல்யாணி முதல் மூன்று நாலு வாரம் குழித்தட்டில்தான் இருக்கும், அதற்கு இரண்டு மேசை போதும். மேசைக்கு அடியில் சூடேற்றும் பாயோ வெந்நீர்க் குழாயோ போட்டு, மேலே தாழ்வாக ஒரு ஷீட் கூடாரம் கட்டுங்கள். வேர்ப்பகுதி 22, 23 இருந்தால் குடில் காற்று 14-ல் இருந்தாலும் நாற்றின் வளர்ச்சி நிற்காது. தட்டிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போதுதான் இடம் அதிகம் வேண்டும், அதற்குள் பான்சி விற்றுப் போயிருக்கும், தடுப்பு ஷீட்டை அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டே போகலாம்.

பூசணவேட்டை எழுதியது:

கூடாரத்தைப் பகலில் ஒருமுறை திறந்து வையுங்கள். நித்தியகல்யாணி நாற்று ஈரம் தாங்காது, அடித்தண்டு அழுகி வரிசையாகச் சாயும். பாயின் தெர்மோஸ்டாட் உணரியைத் தட்டுக்கு அடியில் வைக்காமல் குழிக்குள், வேர் இருக்கிற ஆழத்தில் செருகுங்கள்.